நெப்ராஸ்கா: இரண்டு அவையா, ஒரே அவையா?

பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தின் அடுத்தடுத்த இரு கூட்டத்தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1935: கீழவையில் 100 பேர், மேலவையில் 33 பேர். 110 நாள் உட்கார்ந்து 192 மசோதாக்களை நிறைவேற்றினார்கள். செலவு சுமார் 2,02,500 டாலர்.

1937: ஒரே அவை, 43 உறுப்பினர்கள். 98 நாளில் 214 மசோதாக்கள். செலவு சுமார் 1,03,400 டாலர், ஏறக்குறைய பாதி!

பஞ்ச காலத்தில் இந்தக் கணக்கே மக்களுக்கு இனித்திருக்கும். ஆனால் மாற்றத்துக்காக ஊர் ஊராகக் காரில் சுற்றிய அமெரிக்க நாடாளுமன்ற செனட்டர் ஜார்ஜ் நோரிஸை உறுத்தியது வேறு. இரு அவைகளும் முரண்பட்டால், சிலர் மட்டும் மூடிய அறையில் கூடிச் சமரச மசோதா தயாரிப்பார்கள். யார் எதை வெட்டினார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாது. ஒரே அவையில் பழியை அடுத்த அவைமேல் போட முடியாதே!

கட்சிச் சின்னமில்லாத தேர்தலும் சேர்ந்தே வந்தது. 1934 நவம்பரில் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். (அதே வாக்குச்சீட்டில் மதுவிலக்கு நீக்கமும் குதிரைப் பந்தயச் சூதாட்டமும் இருந்தன, அதுவும் கைகொடுத்தது என்பார்கள்.)

என் ஓட்டு ஒரே அவைக்குத்தான். அவசரச் சட்டத்தைத் தடுக்க இரண்டாம் அவை வேண்டும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும் அங்கே ஆளுநரின் தடை அதிகாரமும் நீதிமன்றமும் இருக்கின்றன.