ஒன்பது ஆண்டுகள், 61,000 கிலோமீட்டர்: டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் ஏறிய என் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ

மழை நாளில்தான் இந்தக் காரின் அருமை தெரியும். ஜெர்மனியின் ஹாகனிலிருந்து சவர்லாந்து மலைப்பக்கம் ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். பழைய முன்சக்கர இயக்கத்தில் அங்கே இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினாலே உள்பக்கச் சக்கரம் வழுக்கிச் சுழலும். இப்போது முன்சக்கரம் அரைக் கணம் நழுவுகிறது. அடுத்த நொடி, முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் கார் மேலேறிப் போகிறது. அந்தத் தள்ளல் இன்றுவரை எனக்குச் சலிக்கவில்லை.

கார் 1988ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, மூன்று கதவு. பிறந்தபோது எட்டு வால்வு எஞ்சின், 112 குதிரைத்திறன். இப்போது உள்ளே இருப்பது நான்காம் தலைமுறை கோல்ஃபின் 1.8 டர்போ, ஏஜியூ வகை, சிலிண்டருக்கு ஐந்து வால்வு. இரண்டுக்கும் கொள்ளளவு ஒன்றே, 1,781 சிசி. சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 86.4 மில்லிமீட்டர் என்பதுகூட மாறவில்லை. ஒரே குடும்பத்துப் பிள்ளையைத்தான் உள்ளே வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு நிறைவு. ஏஜியூவில் த்ராட்டில் கேபிளால் இயங்குகிறது. பழைய பெடலை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. டர்போவை மட்டும் கே04 என்ற பெரிய வகைக்கு மாற்றினோம். நான்கு சக்கரங்களையும் உருளையில் ஏற்றி அளந்தபோது 228 குதிரைத்திறன் வந்தது.

நான்கு சக்கர இயக்கம் இந்த உடலுக்கு அந்நியமானதல்ல. ஃபோக்ஸ்வாகன் 1986இல் ஆஸ்திரியாவின் ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனத்துடன் சேர்ந்து கோல்ஃப் சின்க்ரோ என்ற நான்கு சக்கர இயக்க மாடலைக் கொண்டுவந்தது. 1989இல் பந்தய அனுமதிக்காக 5,000 கோல்ஃப் ராலி கார்கள் வந்தன. அவற்றின் எஞ்சின் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தித் தரும் கருவி) உள்ளது, 1,763 சிசி. அத்தகைய எஞ்சினின் கொள்ளளவை 1.7 மடங்காகக் கணக்கிடும் விதி அப்போது இருந்தது. மூன்று லிட்டர் வகுப்பைத் தாண்டாதிருக்கவே அந்தச் சில சிசி குறைப்பு. அந்தக் கார் என் கைக்கெட்டும் விலையில் இல்லை. அதனால் துருப்பிடித்த ஒரு சின்க்ரோவை வாங்கினேன். ஜிடிஐயின் தரைத்தகட்டில் பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போக இடமில்லை, பெட்ரோல் டேங்கின் வடிவமும் வேறு. பின்பாதித் தரையை முழுதாக வெட்டியெடுத்து, சின்க்ரோவின் தரையை வைத்து வெல்டிங் செய்தோம். வார இறுதிகளில் மட்டும் வேலை பார்த்ததால் பதினான்கு மாதம் ஆயிற்று. இதை யாராவது தொடங்க நினைத்தால் என் முதல் சொல் இதுதான்: எஞ்சினைத் தேடுவதற்கு முன் சின்க்ரோவைத் தேடுங்கள். எஞ்சின் எங்கும் கிடைக்கும். நல்ல தரைத்தகடு கிடைக்காது.

ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களைத் தொழில்நுட்ப ஆய்வில் காட்டி, பதிவுச் சான்றில் ஏற்றியாக வேண்டும். ஆய்வாளர் டர்போவைப் பார்க்கும் முன்பே முன்சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்து பிரேக்கைத்தான் பார்த்தார். நல்லவேளை, சூப்பர்சார்ஜர் உள்ள கோல்ஃப் ஜி60 மாடலின் 280 மில்லிமீட்டர் டிஸ்க்குகளை ஏற்கெனவே பொருத்தியிருந்தோம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு டயரில் ஆணி ஏறியது. மற்ற மூன்றும் இன்னும் ஓடும் என்று நினைத்து அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினேன். அது என் தவறு. சில வாரங்களில், நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது, ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதைப்போல் கார் இறுகி நின்றது. டயர்கள் சிமெண்டுத் தரையில் தேய்ந்து கத்தின. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்குக்குள் சிலிகான் திரவம் இருக்கிறது. இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் அது சூடாகி இறுகி, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொடுக்கும். தேய்ந்த டயரும் புது டயரும் கலந்தால் அந்த வேக வித்தியாசம் நேர்சாலையிலும் ஓய்வதில்லை, திரவத்துக்கும் ஓய்வில்லை. கப்ளிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து டயர் என்றால் நான்கும் ஒன்றாகத்தான், ஒரே பிராண்டு, ஒரே அளவு.

இன்னொன்று பனிக்காலத்தில் நடந்தது. சவர்லாந்தின் மலையூரான விண்டர்பெர்க்கில் தங்கியிருந்த விடுதியின் சரிவில் காரைப் பின்னோக்கி ஏற்ற முயன்றேன். முன்சக்கரங்கள் மட்டும் பனியைக் குடைந்தன, பின்சக்கரங்கள் அசையவேயில்லை. பின்சீட்டிலிருந்த மகள், “அப்பா, இது நாலு சக்கரமும் இழுக்கிற கார்தானே?” என்று கேட்டாள். சின்க்ரோவின் பின்னச்சில் ஃப்ரீவீல் ஒன்று உண்டு. முன்னோக்கிப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரங்களைத் தனியே சுழலவிடும். ரிவர்ஸ் போட்டால் எஞ்சினிலிருந்து குழாய் வழியே வரும் வெற்றிட விசை அதைப் பூட்ட வேண்டும். அந்த மெல்லிய ரப்பர் குழாயில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. டர்போ அழுத்தும் நேரத்தில் எஞ்சின் பக்கம் வெற்றிடம் இருக்காது என்பதால் ஒருவழி வால்வைக் கவனமாக வைத்த நான், முப்பது வயதான குழாயைப் பழையபடியே விட்டிருந்தேன். வெடித்த நுனியை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டியதும் கார் ஏறிவிட்டது.

இழந்தவையும் உண்டு. எடைமேடையில் 1,180 கிலோ காட்டுகிறது; பழைய ஜிடிஐ ஒரு டன்னைத் தொடாது. வறண்ட சாலையில் அந்தப் பழைய சுறுசுறுப்பு, வளைவில் மூக்கு சட்டென்று உள்ளே திரும்பும் அந்த லேசு, இப்போது இல்லை. பின்பெட்டியின் தரை உயர்ந்ததால் இரண்டு பெட்டிகளுக்கு மேல் ஏறாது. நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டர், அதுவும் 98 ஆக்டேன் பெட்ரோல். இவற்றை நான் ஒப்புக்கொண்டே ஓட்டுகிறேன். மனம் ஆறாதது ஒன்றே ஒன்று: பனிச்சாலைக்கென்றே அமைந்த இந்த அச்சுகளைச் சாலையில் கொட்டும் உப்பு அரிக்கிறது. விண்டர்பெர்க் பயணத்துக்கு அடுத்த வசந்தத்தில், வெல்டிங் ஓரத்தில் துருவின் முதல் குமிழைப் பார்த்தேன். இப்போது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லும் பருவகால எண் பலகைதான். மார்ச் கடைசி வாரம் காரைத் தூக்கி நிறுத்தி, தரையின் அடியில் மெழுகு பூசி, அந்த ரப்பர் குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன்.