திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையும் என் சைபர் செக்யூரிட்டி கையேடும்

சைபர் செக்யூரிட்டி படிக்கிறவர்களிடம் புக்மார்க் மலைபோல் குவிந்திருக்கும், ஆனால் லேபில் உட்கார்ந்து வேலை செய்யும்போது வேண்டியது மட்டும் கையில் அகப்படாது. அதனால் அடிக்கடி தேடுவதை மட்டும் பொறுக்கி, திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு நடுவே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ5 அளவில் ஸ்பைரல் போட்டுக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் போர்ட் எண்கள், அதாவது கணினியில் ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உள்ள வாசல் எண்கள்: 22 எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கமாண்ட் அடிக்க), 53 டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி தேட), 445 எஸ்எம்பி (ஃபைல் பகிர), 3389 ஆர்டிபி (விண்டோஸ் திரையைத் தொலைவிலிருந்து இயக்க). அப்புறம் என்மேப், எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தேடும் கருவி. நாமாகச் சொல்லாவிட்டால் அது அதிகம் புழங்கும் 1000 டிசிபி (இணைப்பு ஏற்படுத்தித் தரவு அனுப்பும் முறை) போர்ட்டுகளைத்தான் பார்க்கும், கடைசி எண்ணான 65535 வரை எல்லாவற்றையும் பார்க்காது. இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

பிரிண்ட் பளிச்சென்று இருக்கிறது, லேமினேஷன் ஓரம் பிரியவில்லை, விலையும் நியாயம். குறை ஒன்று உண்டு. வேர்ட் ஃபைலைக் கொடுத்தேன், அதிலிருந்த எழுத்துரு கடைக் கணினியில் இல்லாததால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலச் சின்ன எல்லும் எண் 1-உம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தால் கமாண்டை எப்படி அடிப்பது? கடை அண்ணன் முகம் சுளிக்காமல் அந்தத் தாள்களை மட்டும் மாற்றிக் கொடுத்தார், ஆனால் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் பிடிஎஃப் ஆக்கியே கொண்டுபோங்கள். பென் டிரைவ் வேண்டாம், ஊரே செருகும் கணினி அது (படிப்பதே இந்தப் படிப்பு!), மெயிலில் அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார்கள். சாயங்காலம் கல்லூரிக் கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள்.