அம்பிளிபயருக்கென விலையுயர்ந்த மின்வயர் வாங்குவோர் கவனத்திற்கு: திருகோணமலையில் நான் ஏமாந்த விதம்

திருகோணமலையில் நல்ல அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் வைத்து இசை கேட்பவர்களின் வீடுகளைத் தேடிச் சென்று, கறுப்புப் பின்னல் உறையிட்ட தடித்த மின்வயர்களை ஒருவர் விற்று வருகிறார். கடந்த பெப்ரவரியில் ஒன்றரை மீற்றர் நீளமான அத்தகைய வயர் ஒன்றை 85,000 ரூபா கொடுத்து அவரிடம் வாங்கினேன். பணம் போனதைவிட, அந்த வயர் ஐந்து மாதங்களாக என் வீட்டாரை உயிராபத்தில் வைத்திருந்தது என்பதே என்னை இதை எழுத வைக்கிறது.

உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியையும் அம்பிளிபயர் வழியாகக் கேட்கலாம் என்று இணைத்த நாளிலிருந்து ஸ்பீக்கர்களில் ஓர் உறுமல் நிலைத்துவிட்டது. மற்ற நேரங்களில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகளில், சுருதியோடு சேராத இன்னொரு தாழ்ந்த சுருதியாக அது அடியில் கிடந்து காதை வருத்தும். இந்தக் குறையை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் மூலமாக அந்த விற்பனையாளர் வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் முதலில் என் பழைய வயரிலேயே பாட்டைப் போடச் சொல்லி உறுமலைக் கேட்டார். பின்பு தம்முடைய வயரைப் பொருத்தி அதே பாட்டைப் போட்டார். உறுமல் அடியோடு மறைந்தது. "ஐயா, உங்கள் ஊர் மின்சாரத்தில் இருக்கும் அழுக்கையெல்லாம் இந்த வயர் வடிகட்டிவிடும்" என்றார். பாட்டும் முன்னைவிட நிறைவாகக் கேட்டதாக எனக்குத் தோன்றியது. அன்று மாலை ஒலியளவுத் திருகைப் பார்த்தபோது அது நான் வழக்கமாக வைக்கும் இடத்தைவிடச் சற்று மேலே இருந்தது. ஒலி சிறிதளவு கூடினால் அதைக் கூடுதல் ஒலி என்று உணராமல், தெளிவு என்றே காது எடுத்துக்கொள்ளும் என்பதை விற்பவர்கள் நன்றாக அறிவார்கள். நான் அன்று அறிந்திருக்கவில்லை.

வயரின் மேல் ஓர் அம்புக்குறி அச்சிடப்பட்டிருந்தது. மின்சாரம் அந்தத் திசையில் ஓடினால்தான் இசை உயிர்பெறும் என்றார். நம் வீடுகளுக்கு வருவது 50 ஹேர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம்; அது ஒரு வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. பாடசாலையில் படித்த இந்த ஒன்றை நினைத்துப் பார்த்திருந்தாலே அவரை வாசலோடு அனுப்பியிருப்பேன். ஒட்சிசன் நீக்கிய செம்பு என்பதையும் பெரிதாகச் சொன்னார். அத்தகைய செம்பு உண்மையில் உண்டு. ஆனால் சாதாரண மின்வயர்ச் செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். உறுமல் நின்றதை என் காதாலேயே கேட்டுவிட்டதால், மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

ஜூலை மாதத்தில் ஒருநாள், தொலைக்காட்சியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, என் மனைவி வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்று அம்பிளிபயரின் மேற்பகுதியை ஈரத்துணியால் துடைத்தபோது கை சுள்ளென்று இழுத்ததாகச் சொன்னார். நானும் விரலின் புறத்தால் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய அதிர்வு தெரிந்தது. உடனே மின்னியலாளரான என் அக்காவின் மகனை அழைத்தேன். அவர் மல்டிமீட்டரின் ஒரு முனையை அம்பிளிபயரின் உலோக உடலிலும் மறு முனையைச் சுவர்ப் பிளக் பேஸின் எர்த்திலும், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் பாதுகாப்பு இணைப்பிலும், வைத்தபோது ஏறத்தாழ 110 வோல்ட் காட்டியது. "மாமா, முதலில் இதைக் கழற்றுங்கள்" என்றார்.

வயரைத் திறந்து பார்த்தோம். பிளக்கினுள் எர்த் முள்ளில் எந்த வயரும் இணைக்கப்பட்டிருக்கவில்லை; எர்த்துக்கான பச்சை மஞ்சள் வயர் நறுக்கப்பட்டு, முனையில் டேப் சுற்றி உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவான செப்புத் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. பெருவிரல் பருமனான அந்தப் பின்னல் உறையை உரித்தபோது உள்ளே இரப்பர் நிரப்பியும், அதற்குள் கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் 1 சதுர மில்லிமீற்றர் மூன்று கம்பி வயரும் இருந்தன.

உறுமல் எப்படி மறைந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் தொலைக்காட்சியின் டிஷ் அண்டெனா, மண்ணில் நட்ட இரும்புக் குழாயின் மேல் நிற்கிறது. ஆகவே அம்பிளிபயருக்கு வீட்டு எர்த் வழியாக ஒரு தொடர்பும், தொலைக்காட்சி வயர் வழியாக அந்தக் குழாயின் மூலம் இன்னொரு தொடர்பும் நிலத்தோடு ஏற்பட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே உறுமலாகக் கேட்டது. எர்த் வயரை நறுக்கினால் வளையம் அறுந்து உறுமல் நிற்கும். ஐந்து ரூபாவும் செலவில்லாத இந்த வேலையைத்தான் அவர் 85,000 ரூபாவுக்கு விற்றார்.

எர்த் இருக்கும்போது, உள்ளே ஒரு வயர் கழன்று உலோக உடலில் பட்டால், மின்னோட்டம் எர்த் வழியாகப் பாய்ந்து 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அக்கணமே விழுந்துவிடும். எர்த் இல்லாமல், நிலத்தோடு வேறு தொடர்பும் இல்லையென்றால் அது விழாது. பெட்டி முழு 230 வோல்ட்டோடு அமைதியாக இருந்து, யாராவது ஒருவருடைய கைக்காகக் காத்திருக்கும். எங்கள் அம்பிளிபயரில் அப்படி எதுவும் கழன்றிருக்கவில்லை. அதன் மின்வடிகட்டியிலுள்ள மின்தேக்கிகள் வழியாகக் கசிந்த மிகச் சிறிய மின்னோட்டமே என் மனைவியின் கையில் பட்டது. அந்தக் கசிவு எங்களை எச்சரித்ததாகவே நான் நினைக்கிறேன். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து அதன் முன் விளையாடிய நாட்களை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

உறுமலுக்கு உரிய தீர்வு எளிதாக இருந்தது. தொலைக்காட்சிக்கும் அம்பிளிபயருக்கும் இடையே இருந்த செப்பு வயரை எடுத்துவிட்டு, இரண்டிலும் ஏற்கெனவே இருந்த ஒளியிழைத் துளைகளை ஓர் ஒளியிழை வயரால் இணைத்தோம். வெளிச்சம் மட்டுமே கடப்பதால் வளையம் உருவாக வழியில்லை. செலவு 2,000 ரூபாவுக்குள் முடிந்தது. எர்த்தும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒலியைப் பாதிக்கவே பாதிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்சாதனப்பெட்டி தொடங்கும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்ற சத்தம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அதே இணைப்பில் தண்ணீர்க் கேத்தலைக் கொதிக்கவைத்து அக்காவின் மகன் அளந்தபோது, மெயின் சுவிட்சில் 226 வோல்ட்டும் பிளக் பேஸில் 217 வோல்ட்டும் இருந்தன. பேஸைக் கழற்றினால், கடற்காற்றின் உப்பால் பித்தளை பச்சை பூத்து, நியூட்ரல் திருகு தளர்ந்து, அதனருகே பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. கடலோரத்தில் குடியிருக்கும் நாம் இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். புதிய பேஸ் போட்டுத் திருகுகளை இறுக்கியதும் அந்தச் சத்தம் நின்றது. முடியுலர்த்தியை அரை வேகத்தில் போடும்போது சில அம்பிளிபயர்களின் வளைய வடிவ டிரான்ஸ்போமர் பெட்டிக்குள்ளேயே இரைவதும் உண்மையான மின்சாரக் கோளாறுதான்.

ஆனால் அளவுகளைப் பாருங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 217க்கு இறங்கினாலும், சாதாரண அம்பிளிபயரின் உச்சத் திறன் ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். காதுக்கு அது அரை டெசிபல்தான், அதுவும் முழுச் சத்தத்தில் வைத்தால் மட்டுமே. ஒன்றரை மீற்றர் சாதாரண வயரில், 1 அம்பியர் ஓடும்போது இழக்கப்படுவதோ 0.05 வோல்ட். அம்பிளிபயர் அந்த மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதுமில்லை. டிரான்ஸ்போமரால் மாற்றி, நேர்மின்சாரமாக்கி, பெரிய மின்தேக்கிகளில் சேமித்த பிறகே பயன்படுத்துகிறது. அந்த 85,000 ரூபா வயரின் எர்த்தைச் சரிசெய்து, உரிய பியூஸும் போட்டு, என் மகள் நான் பார்க்காதபடி அதையும் என் பழைய வயரையும் மாற்றி மாற்றிப் பொருத்த, 12 முறை கேட்டுச் சொன்னேன். 5 முறைதான் சரியாகச் சொன்னேன்.

விற்பனையாளரை அழைத்தபோது, எர்த்தை நறுக்குவது "உலகத் தரமான முறை" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். பற்றுச்சீட்டு கேட்டு வாங்காதது என் பெரும் தவறு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவதாயின், பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். உண்மை எனக்குத் தெரியவந்தபோது ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. அண்மையில் வாங்கியவர்களுக்கு இன்னும் காலம் இருக்கலாம்.

அவரிடம் மட்டுமல்ல, வேறு எவரிடமேனும் இத்தகைய வயரை வாங்கியிருந்தால், இன்றே அதைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நீண்ட முள்ளிலும், மறு முனையை அம்பிளிபயரில் செருகும் பக்கத்தின் நடுத்துளையிலும் வையுங்கள். சத்தம் எழாவிட்டால் எர்த் இல்லை. பிளக்கைத் திறந்து பியூஸையும் பாருங்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் தெரிந்த மின்னியலாளர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான், அதுவரை அந்த வயரை மீண்டும் செருக வேண்டாம்.