ஹெல்த் ப்ரோக்ராம்ல பாலின சமத்துவம்: ஆன்லைன் கோர்ஸ் ரிவ்யூ (மூணாவது மாட்யூலுக்காகவே எடுக்கலாம்)

பொது சுகாதார பாலிசி, ப்ரோக்ராம் எல்லாத்துலயும் பாலின சமத்துவத்தை எப்படி உள்ள கொண்டு வர்றதுன்னு ஒரு ஆன்லைன் கோர்ஸ், இப்பதான் முடிச்சேன். நடத்துறது ஒரு பெரிய அமைப்பு, பேர் வேணாம், கீழ கொஞ்சம் திட்டப் போறேன். இலவசம், ஆறு மாட்யூல், நம்ம வேகத்துல பார்த்துக்கலாம், ஒவ்வொண்ணு முடிவுலயும் ஒரு க்விஸ், கடைசில சர்டிபிகேட். நான் மானிட்டரிங் பக்கம், அதாவது திட்டம் எப்படி நடக்குதுன்னு அளந்து பார்க்குற வேலைல இருக்குற ஆளு, இண்டிகேட்டர் (அளந்து பார்க்குற குறியீடு), ரிப்போர்ட், டேபிள் இதுலயே கிடக்குறவன், அதனால நான் சொல்ற குறை எல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும், அதை மனசுல வச்சுகிட்டு படிங்க.

முதல் மாட்யூல் வரலாறு. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாடு, 1995 பெய்ஜிங் பெண்கள் மாநாடு, பாலினத்தை எல்லாத் திட்டத்துலயும் சேர்க்குறதுன்னா என்னன்னு 1997ல ஐநா பொருளாதார சமூகக் கவுன்சில் கொடுத்த விளக்கம், 2007ல உலக சுகாதார சபை தீர்மானம்னு ஸ்லைடு மேல ஸ்லைடு. இதுல எடுத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. திட்டம் எழுதி முடிச்சுட்டு கடைசில "பெண்கள்"னு ஒரு சாப்டர் ஒட்டுறது வேலை இல்ல, சட்டமோ பாலிசியோ ப்ரோக்ராமோ எதை யோசிக்க ஆரம்பிக்கும்போதே இது ஆணுக்கு என்ன பண்ணும் பெண்ணுக்கு என்ன பண்ணும்னு கேக்கணும்கிறது, அந்த 1997 விளக்கத்தோட சாரமே அதான். மத்ததை 1.5 ஸ்பீடுல ஓட்டிடலாம்.

நேரா மூணாவது மாட்யூலுக்கு வர்றேன், ஏன்னா கோர்ஸே அதுதான். பாலினப் பகுப்பாய்வு. ஒரு நோயை எடுத்துக்கோ, அது யாரை அதிகம் தாக்குது, ஏன், யார் என்ன வேலை செய்றாங்க, நேரமும் காசும் யார் கைல இருக்கு, டாக்டர்கிட்ட போகலாமா வேணாமான்னு வீட்ல முடிவு பண்றது யாரு, சிகிச்சைக்கு வந்தா அங்க எப்படி நடத்துறாங்க, இதையெல்லாம் கட்டம் கட்டமா நிரப்பணும். கேக்க சாதாரணமா இருக்கும், நிரப்ப உக்காந்தா பாதி கட்டம் காலியா நிக்கும், அப்பதான் நம்மகிட்ட எவ்ளோ தகவல் இல்லன்னே புரியுது.

அவங்க எடுத்த உதாரணம் ட்ரக்கோமா, கண்ணைக் குருடாக்குற தொற்று நோய். சின்ன பசங்ககிட்டதான் அந்த கிருமி அதிகம் இருக்கும், பசங்களைத் தூக்கி முகம் துடைச்சு வளர்க்குறது பெரும்பாலும் பெண்கள், அதனால அவங்களுக்கு திரும்பத் திரும்ப தொற்றி இமை தழும்பாகி முடி உள்பக்கம் திரும்பி கருவிழியை உராச ஆரம்பிக்கும். ஆண்களைவிட பெண்களுக்கு இதனால பார்வை போறது நாலு மடங்கு வரைக்கும் அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உடம்புல வித்தியாசம் இருந்து வந்த கணக்கு இல்ல இது, யார் எந்த வேலை செய்றாங்கங்கிறதுல இருந்து வந்தது. இங்க கோர்ஸ் நிறுத்திடுச்சு, நான் இன்னும் ஒரு படி போயிருப்பேன். இந்த நோய்க்கான உலகளாவிய திட்டத்துல ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக், முகச் சுத்தம், சுற்றுப்புற மேம்பாடுன்னு நாலு பகுதி இருக்கு. முகம் கழுவுங்கன்னு சொல்ற அறிவுரை யாருக்குப் போகுது? அம்மாவுக்கு. அதுக்கு கூடுதலா தண்ணி தூக்கிட்டு வரப்போறது யாரு? அதே அம்மா. குழாய் பக்கத்துல வந்தா அது வேற கதை, போஸ்டர் மட்டும் ஒட்டுனா அவங்க தலையில இன்னொரு குடம், அவ்ளோதான்.

இதே மாட்யூல்ல எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு, பாலினம்னா பெண்கள்னு மட்டும் நினைச்சு வர்றவங்களுக்கு டிபியை காட்டுறாங்க. 2023ல உலகம் முழுக்க டிபி வந்த சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர்ல 55 சதவீதம் வயசு வந்த ஆண்கள், 33 சதவீதம் பெண்கள், மிச்சம் குழந்தைங்க. புகை, குடி, நெரிசலான வேலை இடம், அதோட "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு இருமலோடயே வேலைக்குப் போற பழக்கம், கிளினிக் திறந்திருக்குற நேரம் வேலை நேரத்தோட மோதுறது, எல்லாம் சேர்ந்துதான் இந்த நம்பர். அப்போ சாயங்கால கிளினிக் வைக்கிறதும், வேலை இடத்துக்கே போய் டெஸ்ட் எடுக்குறதும் பாலினத்தை யோசிச்சு பண்ற வேலைதான். அதுக்காக பெண்களை விட்டுறவும் முடியாது, டிபின்னு வெளிய தெரிஞ்சா குடும்பத்துல என்ன ஆகும்கிற பயம் அவங்களுக்கு வேற மாதிரி இருக்கும், பல பேர் அதுக்காகவே மறைப்பாங்க.

ரெண்டாவது மாட்யூல் உடம்பு, மருந்து, டோஸ். நல்லா பண்ணிருக்காங்க, விறுவிறுன்னு போகுது. ஜோல்பிடெம்னு தூக்க மாத்திரை, அமெரிக்காவுல 1992ல அனுமதி கிடைச்சது, பெண்கள் உடம்புல அது மெதுவா வெளியேறுது, காலைல எழுந்து வண்டி ஓட்டும்போதும் ரத்தத்துல மருந்து மிச்சம் இருக்குன்னு 2013லதான் பெண்களுக்கான டோஸை 10 மில்லிகிராம்ல இருந்து 5க்கு குறைக்கச் சொன்னாங்க. இருபது வருஷம்! இதுக்குப் பின்னாடி 1977ல அந்த நாட்டு மருந்து நிர்வாகம் போட்ட வழிகாட்டுதலையும் சொல்றாங்க, குழந்தை பெறக்கூடிய வயசுல இருக்குற பெண்களை ஆரம்ப கட்ட மருந்து சோதனைல சேர்க்காதேன்னு, 1993லதான் அதை மாத்துனாங்க. பாதுகாக்குறேன்னு சொல்லி வெளிய வச்சா என்ன ஆகும்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேணாம்.

இப்ப திட்டு. நாலாவது மாட்யூல்ல ஒரு ப்ரோக்ராம் பாலினத்தை எப்படி கையாளுதுன்னு பார்க்குற உலக சுகாதார நிறுவனத்தோட அஞ்சு படி அளவுகோல் வருது, சமத்துவத்துக்கு எதிரானது, கண்டுக்காதது, உணர்ந்தது, குறிப்பா ஒரு தரப்புக்குன்னு செய்றது, ஆண் பெண் அதிகார உறவையே மாத்த முயல்றதுன்னு. அளவுகோல் நல்லதுதான், ஆனா இவங்க அதை லேபிள் ஒட்டுற விளையாட்டா ஆக்கிட்டாங்க. ரெண்டு வரில ஒரு ப்ரோக்ராம், எந்த படின்னு க்ளிக் பண்ணு, டிக் வந்துடும். நிஜத்துல அப்படி எந்த ப்ரோக்ராமும் ஒரே படில நிக்காது. கர்ப்பிணிப் பரிசோதனைக்கு கணவரையும் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு திட்டம்னு வச்சுக்கோங்க, பேப்பர்ல பார்த்தா ஆண் பொறுப்பை எடுத்துக்கிறான், அஞ்சாவது படி. க்ளினிக்ல பார்த்தா ஜோடியா வந்தவங்களை முதல்ல கூப்பிடுறாங்க, கணவர் இல்லாதவங்க, கணவர் கூட வராதவங்க, அடிக்கிற ஆளோட இருக்குறவங்க எல்லாம் கடைசில உக்காந்திருப்பாங்க, அதாவது முதல் படி. இதை க்விஸ்ல எங்க க்ளிக் பண்றது?

அதே மாட்யூல்ல உகாண்டாவுல கம்பாலால பெண்கள் மேல நடக்குற வன்முறையைத் தடுக்க நடந்த சாசா திட்டத்தைக் காட்டுனது மட்டும் காப்பாத்துது. தெருவுல இருக்குற சாதாரண ஆளுங்களையே பயிற்சி கொடுத்து, அதிகாரம்னா என்னன்னு அக்கம்பக்கத்துல பேச வச்சு, அப்புறம் 2014ல வந்த ஆய்வுல, திட்டம் நடந்த பகுதிகள்ல கடந்த ஒரு வருஷத்துல பெண்கள் மேல துணைவர் காட்டுற உடல் ரீதியான வன்முறை மத்த பகுதிகளைவிட பாதி அளவுக்குக் குறைவா இருந்துச்சு. இது வருஷக்கணக்குல நடந்த வேலை. நம்ம ப்ராஜெக்ட் எழுதுறவங்க ஒரே நாள் வொர்க்‌ஷாப் வச்சுட்டு அஞ்சாவது படின்னு போடுவாங்க, அந்த வித்தியாசத்தை கோர்ஸ் அழுத்திச் சொல்லிருக்கலாம்.

அஞ்சாவது மாட்யூல், இண்டிகேட்டரும் பட்ஜெட்டும். ரொம்ப மோசம். எண்ணிக்கையை ஆண் பெண்ணுன்னு பிரிச்சுப் போடுங்கன்னு சொல்லிட்டு முடிச்சுட்டாங்க. பிரிச்சுப் போடணும், சரி, அதுல சண்டை இல்ல, ஆனா வந்தவங்கள்ல 60 சதவீதம் பெண்கள்னு ஒரு டேபிள் போட்டா அது என்ன சொல்லுது? அவங்களுக்கு சேவை நல்லா கிடைக்குதுன்னு சொல்லுதா, இல்ல குழந்தையைத் தூக்கிட்டு வர்ற வேலை அவங்களோடதுன்னு சொல்லுதா, எதுன்னே தெரியாது. உங்க உடம்பு சிகிச்சை பத்தி வீட்ல யாரு முடிவு எடுக்குறாங்கன்னு பல நாட்டு மக்கள்தொகை சுகாதார ஆய்வுகள்ல வருஷக்கணக்கா ஒரு கேள்வி இருக்கு, ஐநாவோட நிலையான வளர்ச்சி இலக்குகள்ல 5.6.1 இண்டிகேட்டர்லயும் அது ஒரு பகுதி. இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பட்ஜெட்டுக்கு ஒரே ஒரு குட்டி வீடியோ, அதுல பாதி நேரம் லோகோ சுத்துது. தனி தலைப்புல காசு ஒதுக்கலன்னா இந்த வேலை எல்லாம் அறிக்கையோட பின்னிணைப்பாதான் இருக்கும்னு ஃபீல்டுல இருக்குற எல்லாருக்கும் தெரியும், கோர்ஸ் எழுதுனவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். திருநங்கை, திருநம்பி பத்தியும் மொத்த கோர்ஸ்ல ஒரே ஸ்லைடு, அதுவும் இந்த மாட்யூல் ஓரத்துல.

ஆறாவது, சுகாதார ஊழியர்கள். சின்னது, ஆனா நல்லா இருக்கு. உலக அளவுல இந்தத் துறைல வேலை பார்க்குறவங்கள்ல 70 சதவீதம் பெண்கள், உயர் பதவில அவங்க 25 சதவீதம்னு 2019 அறிக்கை, சம்பளத்துல 24 சதவீத இடைவெளின்னு 2022 அறிக்கை. நம்பர் எல்லாம் முன்னாடியே கேள்விப்பட்டதுதான், ஆனா ஆம்பளை அளவுல தச்ச பாதுகாப்பு உடையைப் போட்டுகிட்டு வேலை செஞ்ச நர்ஸுங்க பேசுற வீடியோ ஒண்ணு இருக்கு, அதைப் பாருங்க. ஊதியமே இல்லாத தன்னார்வலர் வேலை மேல கட்டி எழுப்புற திட்டங்களையும் நேரடியா கேள்வி கேக்குறாங்க, இது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, வழக்கமா இந்த மாதிரி அமைப்புங்க அதைப் பாராட்டிட்டு நகர்ந்துருவாங்க.

டெக்னிக்கலா பெரிய பிரச்சனை இல்ல, மொபைல்ல ஓடுது, கட்டம் நிரப்புறதுக்கு மட்டும் லேப்டாப் வேணும். டிஸ்கஷன் பக்கம் செத்துக் கிடக்கு. ஒருத்தர் அசைன்மென்ட்டை இன்னொருத்தர் திருத்தணும்னு ஒரு முறை வச்சிருக்காங்க, எனக்கு வந்த கருத்து "குட்", அவ்ளோதான், முழு மார்க்.

5க்கு 3.5 கொடுப்பேன். புதுசா ஹெல்த் ப்ரோக்ராம் வேலைக்கு வந்தவங்க 3, 2, 6 இந்த ஆர்டர்ல பாருங்க. ஏற்கனவே திட்டம் எழுதுறவங்க, நிதி கேக்குறவங்க 3 மட்டும் போதும், அஞ்சாவதை நம்பி இண்டிகேட்டர் எழுதிடாதீங்க. ஒண்ணு முக்கியம், மூணாவது மாட்யூல் வொர்க்‌ஷீட்டை முதல்லயே டவுன்லோட் பண்ணிடுங்க, சர்டிபிகேட் வந்த உடனே அந்தப் பக்கம் லாக் ஆயிடுது.