கோயில் நகரத்தின் கலைக்கு எந்தப் பணம் பொருந்தும்? ஐந்து நிதி வழிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு பழைய நகரத்தின் கலைக்கும் வழக்கங்களுக்கும் அரசுப் பணம் தேடும்போது திட்டத்தின் பெயரைவிட முக்கியமானது கணக்குத் தலைப்பு. மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா? கருங்கல் தளம், மழைநீர் வடிகால், தெருவிளக்கு எல்லாம் மூலதனம். நாதஸ்வர ஆசிரியரின் மாதத் தொகை, தவில் தோல், நாதஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளி இவை ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. இதுவரை வந்த திட்டங்களில் பெரும்பாலானவை முதல் வகைக்குத்தான் பணம் தந்தன. கலைக்குத் தேவையோ இரண்டாவது வகை. இழுபறி முழுவதும் இங்கேதான்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1992-இன் 74-வது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரியவை என 18 பணிகள் உள்ளன. பண்பாடு, கல்வி, அழகியல் கூறுகளை வளர்ப்பது அதில் 13-வது. பணி வந்தது, அதற்கென்று தனிப் பணம் வரவில்லை.

ஹிருதய், பிரசாத்: கல்லுக்கான பணம்

பாரம்பரிய நகரங்களை மேம்படுத்தும் மத்திய அரசுத் திட்டமான ஹிருதய் 2015 ஜனவரி 21-இல் தொடங்கியது. 12 நகரங்கள், 500 கோடி ரூபாய், முழுவதும் மத்திய அரசின் பணம். தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்கு 23.04 கோடி, வேளாங்கண்ணிக்கு 22.26 கோடி ஒதுக்கீடு. 2019 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. யாத்திரைத் தலங்களுக்கான பிரசாத் திட்டம் மத்திய சுற்றுலா அமைச்சகத்துடையது. 2014-15-இல் தொடங்கியது, இதுவும் முழு மத்திய உதவி, இங்கும் அதே இரண்டு ஊர்கள் இடம்பெற்றன. ஹிருதய் தெருவைப் பார்த்தது: அணுகுசாலை, நடைபாதை, வடிகால், மின்கம்பி, குளக்கரை. பிரசாத் வந்துபோகும் பக்தரைப் பார்க்கிறது: வாகன நிறுத்தம், கழிப்பறை, தகவல் மையம், விளக்கு. கட்டிய பிறகு பராமரிப்பது மாநிலத்தின் பொறுப்பு. திட்ட அறிக்கையிலேயே எந்தத் துறை, எந்தத் தலைப்பில், ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்காத ஊரில், கழிப்பறைக்குப் பூட்டு விழ அதிக நாள் ஆகாது.

இந்த வகைப் பணத்தில் பழைய கட்டடத்தைத் தொட்டால் கெடுவது சுண்ணாம்பில். பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலில் சிமென்ட் பூச்சுக்கு விலை தயாராக இருக்கும். நீற்றிப் பல நாள் ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பூசும் வேலைக்குப் பட்டியல் விலை போதாது. ஒவ்வொரு பூச்சும் இறுக நாள் வேண்டும், நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் போக வேண்டிய பில்லோ காத்திருக்காது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற டெண்டரில் கடைசியில் சிமென்ட்தான் ஏறும். பழைய செங்கல் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூத்து, சில மழைக்காலங்களில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு உதிரும். இதற்கு ஒரே வழி, அறிக்கை எழுதும்போதே சுண்ணாம்பு வேலையைப் பட்டியலில் இல்லாத தனி இனமாகக் காட்டி, விலைப் பகுப்பாய்வை இணைத்து, தொழில்நுட்ப ஒப்புதல் பெற்றுவிடுவது. டெண்டர் விட்ட பிறகு மாற்ற முயன்றால் தணிக்கைத் தடை வந்து நிற்கும்.

தேரோடும் வீதியில் வேறு கணக்கு. அழகுக்காகப் பதிக்கும் பேவர் பிளாக், இரும்புச் சக்கரத்தின் கீழ் நொறுங்கும். பாதாளச் சாக்கடை மூடி சக்கரத் தடத்தில் விழுந்தால் உடையும். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகும், தேர் உச்சிக்கும் மின்கம்பிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஆக, தேர்வீதிக்குப் பணம் கேட்கும் எந்த அறிக்கையிலும் முதல் வரி மின்கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோவது. அலங்கார விளக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

ஸ்மார்ட் சிட்டி: பெரிய பணம், தனி நிறுவனம்

2015 ஜூன் 25-இல் தொடங்கி 2025 மார்ச் 31-இல் மூடப்பட்ட இந்த இயக்கத்தில் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் மதுரை, தஞ்சாவூர், திருச்சி உட்பட 11. மத்திய அரசு நகரத்துக்குச் சுமார் 500 கோடி, மாநிலமும் நகரமும் சேர்ந்து அதே அளவு என்பது ஏற்பாடு. ஹிருதய் தொகையோடு ஒப்பிட்டால் யானையும் பூனையும். மாநிலமும் மாநகராட்சியும் சமபங்கு வைத்திருக்கும் தனி நிறுவனம் வேலையை நடத்தியது. கோப்பு வேகமாக நகரும், ஆனால் எந்த வேலை என்பதில் மாமன்றத்தின் பிடி தளரும். இயக்கம் மூடியபின் பராமரிப்புச் செலவு மட்டும் மாநகராட்சிக்கே திரும்பி வரும்.

மதுரை புதுமண்டபம் இதில் கவனிக்க வேண்டிய எடுத்துக்காட்டு. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களுக்கு இடையே தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தலைமுறைகளாக இருந்தன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேண்டிக்கொண்டு வேடமிடுபவர்களின் உடை இங்கேதான் தைக்கப்பட்டது. மண்டபத்தை மீட்கக் கடைகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஸ்மார்ட் சிட்டி நிதியில் எழுந்த குன்னத்தூர் சத்திரக் கட்டடம் அவர்களுக்கு மாற்று இடமானது. கல்லும் தொழிலும் ஒரே இடத்தைக் கேட்டபோது மூலதனப் பணம் இரண்டுக்கும் கூரை கொடுத்தது. மூலதனப் பணத்தின் சிறந்த பயன் இதுதான் என்பேன். வாடகை எவ்வளவு, கோயிலுக்கு வருபவர் கண்ணில் கடை படுகிறதா என்பதை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்காது, அதை மாநகராட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிதிக்குழு மானியம்: யாரும் தொடாத இடம்

15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நகர உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி பரிந்துரைத்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத் திரள்களுக்குக் காற்றுத் தரம், குடிநீர், கழிவு என்ற இலக்குகளோடு பிணைத்த பணம். மற்ற ஊர்களுக்கு 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டும் செலவிட வேண்டியது, 40 விழுக்காட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. இந்த 40-ஐ 12-வது அட்டவணையின் 18 பணிகளில் எதற்கும் செலவிடலாம், சம்பளமும் அலுவலகச் செலவும் மட்டும் கூடாது என்பது அந்தக் குழு வைத்த விதி. அதாவது பண்பாடு என்ற 13-வது பணியும் உள்ளே வரும். ஆனாலும் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் சாலை, சாலை, மீண்டும் சாலை.

கலை ஆசிரியரின் மதிப்பூதியத்தை இதில் வைக்காமல் இருப்பது நல்லது. அது சம்பளம் அல்ல என்று வாதிட இடம் உண்டு, ஆனால் தணிக்கையில் வாதிட்டு ஜெயிக்க மூன்று வருடம் ஆகும். பயிற்சிக் கூடத்தின் கூரை, கூத்து மேடை, குளத்துப் படித்துறை, வாத்தியங்கள் இவற்றுக்கு வைக்கலாம்.

ஆளுக்குப் போகும் பணம்

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரை உதவியில் குருவுக்கு மாதம் 15,000, சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை, ஒரு குருவுக்கு நாடகத்தில் 18 சீடர் வரை, இசை, நடனத்தில் 10 வரை. தஞ்சாவூரில் உள்ள தென்னக பண்பாட்டு மையம் போன்ற மண்டல மையங்களின் திட்டத்தில் குருவுக்கு 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சீடருக்கு 1,500. தொகையை மட்டும் பார்த்தால் அமைச்சகம் மேல். ஆனால் அங்கே விண்ணப்பிக்கப் பதிவுபெற்ற அமைப்பு, தணிக்கை செய்த கணக்கு, தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்ப்பண் தளத்தில் பதிவு எல்லாம் வேண்டும். தாளம் தட்டிப் பாடும் கூத்து வாத்தியாரிடம் இவை இருக்காது. சென்ற ஆண்டுப் பணத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். குரு கடன் வாங்கிச் சமாளிக்கும் மாதங்கள் அப்படித்தான் வருகின்றன. ஊர்ப்புறக் கலைக்கு மண்டல மையத்தின் சிறிய தொகையே நடைமுறையில் எளிது.

மாநிலத்தில் இயல் இசை நாடக மன்றம், கலை பண்பாட்டுத் துறை, 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன. வாரியம் உறுப்பினருக்கு நலவுதவி தரும், பயிற்சியை நடத்தாது. சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் மேடையும் அன்றைய ஊதியமும் தரும். அடுத்த தலைமுறையை உருவாக்கும் வேலையை விழாவிடம் எதிர்பார்க்க முடியாது. யுனெஸ்கோ படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னை 2017-இல் இசைக்காகச் சேர்ந்தது பெருமை, அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதால் பணம் வராது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். மண்டல மைய விகிதத்தில் ஒரு குரு, ஒரு பக்கவாத்தியக்காரர், நான்கு சீடர் என்றால் மாதம் 17,250, ஆண்டுக்கு 2.07 லட்சம். பத்துக் குழுக்களுக்கு 20.7 லட்சம். காஞ்சிபுரத்துக்கு ஹிருதய் ஒதுக்கிய 23.04 கோடி, இந்தப் பத்துக் குழுக்களை 111 ஆண்டுகள் நடத்தும் தொகை. வடிகால் வேண்டாம் என்பதல்ல. கலைக்குத் தேவைப்படும் தொகை எவ்வளவு சிறியது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

நகராட்சியின் சொந்தப் பணம்

தொகை சிறியது என்பதால்தான் சொந்த வருவாய் கட்டுப்படியாகும். நகராட்சி பட்ஜெட்டில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று பெட்டிகள். பண்பாட்டுப் பயிற்சி முதல் பெட்டியில் மட்டும் பொருந்தும். கல்வி நிதியில் பணம் தேங்கிக் கிடந்தாலும் அதில் கைவைக்க முடியாது. தனித் தலைப்பு இல்லாத செலவை ‘இதர செலவுகள்’ கீழ் ஒளித்தால் அடுத்த ஆண்டு முதலில் வெட்டுப்படுவது அதுவாகவே இருக்கும். பட்ஜெட் தயாராகும் டிசம்பர், ஜனவரிக்குள் தனித் தலைப்பு கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். அதற்கும் முன்பு செய்யக்கூடியது, காசே ஆகாதது: சமுதாயக் கூடத்தை வாரம் இரண்டு மாலை வாடகையில்லாமல் விடுவது.

எந்த வழியாக வந்தாலும் பணத்தின் நாள்காட்டியும் கலையின் நாள்காட்டியும் முட்டிக்கொள்ளும். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடி வரை போகும். அரசுப் பணமோ நிதியாண்டுக் கடைசியில், பிப்ரவரி, மார்ச்சில் இறங்கி, மாதத்துக்குள் செலவுக் கணக்கு கேட்கும். வாத்தியார் ராத்திரி முழுக்க மேடையில் இருக்கும் காலத்தில் வகுப்புக்குக் கையெழுத்து வாங்கினால் வருகைப் பதிவேடு மட்டும்தான் நிறையும். கூத்து வகுப்பைப் புரட்டாசியில் தொடங்கி மார்கழியில் முடிக்கலாம். நாதஸ்வரம், தவில் வகுப்புக்குக் கல்யாணமில்லாத ஆடியில் நேரம் கிடைக்கும். முதல் நான்கு மாதத் தொகையை நகராட்சி தன் தலைப்பில் கொடுத்துவிட்டு, மண்டல மையத்தின் பணம் வந்ததும் அதைப் பிந்தைய மாதங்களுக்கு மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பு. ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்திலும் பற்றுச்சீட்டு இருந்தால் இரட்டைச் செலவு என்று இரண்டு பணமும் நிற்கும்.