தினமும் எங்களை நாங்களே தாக்கிப் பார்த்த மூன்று ஆண்டுகள்

முன்பெல்லாம் எங்கள் கணினிகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஊடுருவல் சோதனை (தாக்குபவரைப் போல உள்ளே புக முயன்று ஓட்டைகளைத் தேடுவது) நடக்கும், அறிக்கை வரும், ஓட்டைகளை அடைப்போம். அடுத்த சோதனைவரை பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கால்டெரா என்ற தாக்குதல் ஒத்திகை மென்பொருளை நிறுவி, நிஜத் தாக்குதல்களில் கண்ட உத்திகளை எண்ணிட்டுத் தொகுத்திருக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலிலிருந்து தாக்குதல் உத்திகளைத் தினமும் இரவில் தானாக ஓடவிட்டோம். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, திறமூல மென்பொருள்தான். நேரம்தான் நிறையக் கேட்கும்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு சாதாரண மேம்படுத்தலுக்குப் பிறகு. கணினிகளின் பதிவுகளை (லாக்) மையத்துக்கு அனுப்பும் ஏஜென்ட் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டோம். எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை அந்தப் பட்டியலின் டி1003.001 சோதனைக்கு, அதாவது விண்டோஸில் உள்நுழைவைச் சரிபார்க்கும் எல்சாஸ் நிரலின் நினைவகத்திலிருந்து கடவுச்சொல் ஹாஷ்களை, அதாவது கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவங்களை, திருடும் உத்திக்கு, எச்சரிக்கையே வரவில்லை. தேடிப் பார்த்தால், விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் சிஸ்மான் கருவி ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது. ஒரு நிரல் இன்னொன்றை அணுகியதைக் குறிக்கும் நிகழ்வு எண் 10 அந்தக் கணினியில் பதிவாகியிருக்கிறது. ஏஜென்டின் வடிகட்டி பழைய அமைப்புக்குத் திரும்பிவிட்டதால் பதிவுகளைத் திரட்டி எச்சரிக்கை தரும் எஸ்ஐஇஎம்முக்கு மட்டும் வந்து சேரவில்லை. நேற்றுவரை இருந்த பாதுகாப்பு சத்தமில்லாமல் போயிருந்தது. ஆண்டுச் சோதனையை நம்பியிருந்தால் எத்தனை மாதம் கழித்துத் தெரிந்திருக்குமோ!

அதிலிருந்து முடிவுகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம்: தடுத்ததா, பதிவானதா, எச்சரிக்கை வந்ததா. மொத்த மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோதனைக் கோப்பின் ஹாஷை, அதாவது அந்தக் கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை, மட்டும் அடையாளம் கண்டு தடுக்கும் கருவியும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். கட்டளையைச் சற்று மாற்றி எழுதிப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

நாங்கள் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. தினமும் வரும் சோதனை எச்சரிக்கைகளால் கண்காணிப்புக் குழு சலித்துப்போக, சோதனைக் கணினியின் பெயரையே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். அந்தக் கணினிக்குள் உண்மையான ஆள் புகுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது எதையும் விலக்குவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் அடையாள எண், நேரம் இரண்டையும் வைத்து ஒப்பிட்டு, பொருந்தும் எச்சரிக்கையை மட்டும் சோதனை என்று மூடுகிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று கணினிகளில் பத்து உத்திகளோடு தொடங்குங்கள். தோல்வியடைந்த சோதனையைச் சரிசெய்ய ஆள் ஒதுக்காமல் பதினொன்றாவதைச் சேர்க்காதீர்கள்.