20,000 பாயிண்டா, 2,500 மைலா? விமான கார்டுகளின் வரவேற்புப் போனஸ்

2025 ஏப்ரலில் ஒரு மாலை, அத்தான் இரண்டு கிரெடிட் கார்டு விண்ணப்பங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். செலவுக்கேற்பச் சேரும் பாயிண்டையோ மைலையோ விமான டிக்கெட்டாக மாற்றலாம்; கார்டு எடுத்ததற்காகவே தொடக்கத்தில் தருவது வரவேற்புப் போனஸ். ஒன்று ஏர் இந்தியா எஸ்பிஐ சிக்னேச்சர் கார்டு, மற்றது ஆக்சிஸ் வங்கியின் அட்லஸ். “இது 20,000 பாயிண்ட் கொடுக்கிறது, அது வெறும் 2,500 மைல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றார். கீழே வரும் எண்கள் அன்றைக்கு இருந்தவை. வங்கிகள் இவற்றை அடிக்கடி மாற்றும்; கையெழுத்துப் போடும் நாளில் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனஸைப் பார்ப்பதற்கு முன் அதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்த்தோம். சிக்னேச்சரின் ஆண்டுக் கட்டணம் 4,999 ரூபாய், அட்லஸுக்கு 5,000. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் இரண்டுமே ஏறத்தாழ 5,900 ரூபாய். ஆக, இரண்டு கடையிலும் ஒரே விலை. பொட்டலத்துக்குள் என்ன என்பதுதான் கேள்வி.

சிக்னேச்சரின் ஒரு பாயிண்ட் ஏர் இந்தியாவின் ஒரு பாயிண்டாக மாறும். 5,900 ரூபாயை 20,000 ஆல் வகுத்தால் 29.5 காசு. ஒரு பாயிண்டுக்கு அதைவிடக் கூடுதலாகப் பயன் எடுத்தால் லாபம். அட்லஸின் ஒரு மைலைக் கூட்டு விமான நிறுவனங்களுக்கு மாற்றினால் இரண்டாகும். அப்படிப் பார்த்தால் 2,500 என்பது 5,000. ஆனாலும் போட்ட பணத்தை எடுக்க ஒவ்வொன்றும் 1 ரூபாய் 18 காசு பெற வேண்டும். போனஸ் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அத்தான் சொன்னதே சரி.

ஆனால் ஒரு பாயிண்டின் மதிப்பு நாம் ஏறும் விமானத்தைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கப்போகும் ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 6,000 ரூபாய், பாயிண்டில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியும் கட்டணமும் 1,000, கேட்கும் பாயிண்ட் 10,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 5,000 ரூபாய்; ஒரு பாயிண்டுக்கு 50 காசு. ‘எப்படியும்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பாயிண்ட் இருக்கிறதே என்று கோவாவுக்குக் கிளம்பினால், அந்த டிக்கெட் மிச்சக் கணக்கில் வராது, ஓட்டல் வாடகையோடு சேர்ந்து செலவுக் கணக்கில்தான் வரும்.

இலவச டிக்கெட் தரும் கார்டுகளும் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. விஸ்தாரா என்ற விமான நிறுவனத்தின் பெயரில் ஆக்சிஸும் எஸ்பிஐயும் வெளியிட்ட கார்டுகள், ஆண்டுக் கட்டணத்துக்கு ஈடாக ஒரு டிக்கெட் வவுச்சரைத் தந்தன. அப்படியொரு வவுச்சர் வேறொரு கார்டில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. போக வேண்டியவர்கள் நான்கு பேர், வவுச்சர் ஒன்று. பள்ளி விடுமுறைத் தேதிகளில் அது செல்லாது. டிராயரிலேயே காலாவதியானது. விஸ்தாராவோ 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்து, அந்தப் பெயரே மறைந்துபோனது. ஒரே நிறுவனத்தின் பாயிண்டைச் சேர்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான். சிக்னேச்சரிலும் ஏர் இந்தியா டிக்கெட்டுக்கு 100 ரூபாய்க்கு 30 பாயிண்ட் என்றிருந்தது, 2025 மார்ச் முடிவோடு 10 ஆகச் சுருங்கியது. அட்லஸ் இந்த இடத்தில் பரவாயில்லை: எந்த நிறுவனத்துக்கு மாற்றுவது என்பதைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடலாம். மாற்றிவிட்டால் திரும்பாது.

அன்றாடச் செலவில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. சிக்னேச்சர் 100 ரூபாய்க்கு 4 பாயிண்ட் தருகிறது. அட்லஸ் தரும் 2 மைலும் மாற்றும்போது 4 ஆகிறது. விமான நிலைய ஓய்வறையில் (லவுஞ்ச்) இலவசமாக நுழைந்து சாப்பிடுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இட்லிக்காக ஆண்டுக்கு 5,900 ரூபாய் கட்டுபவர்கள் தனி ரகம்.

மூன்றாவதாக ஒரு கார்டை நான் மேசைமேல் வைத்தேன்: கேஷ்பேக் எஸ்பிஐ. வரவேற்புப் போனஸ் எதுவும் இல்லை. கட்டணம் 999, வரியோடு 1,179 ரூபாய். இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 5% திரும்பக் கிடைக்கும். மின்கட்டணம், காப்பீடு, வாடகை போன்றவற்றுக்குக் கிடையாது. மாதம் 10,000 ரூபாய் அப்படிச் செலவழித்தால் ஆண்டுக்கு 6,000 திரும்பும், கட்டணம் போக 4,821 மிஞ்சும்.

அதே செலவைச் சிக்னேச்சரில் செய்தால்? முதல் ஆண்டு 20,000 போனஸும் 4,800 பாயிண்டும். 50 காசு மதிப்பில் 12,400 ரூபாய், கட்டணம் போக 6,500. கேஷ்பேக்கைத் தாண்டிவிட்டது. இரண்டாம் ஆண்டு புதுப்பித்தால் கிடைப்பது 5,000 பாயிண்ட்தான். செலவில் சேரும் 4,800ஐயும் கூட்டினால் 4,900 ரூபாய், கட்டணம் 5,900. கையைவிட்டு 1,000 போகிறது. இரண்டு ஆண்டும் சேர்த்து சிக்னேச்சர் 5,500, கேஷ்பேக் 9,642.

இன்னொரு கணக்கையும் அத்தானுக்குக் காட்டினேன், ஏனென்றால் அவருக்கு ‘மினிமம் டியூ’, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் உண்டு. மாதம் 3.75% வட்டியில் 50,000 ரூபாயை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் வட்டி 1,875, அதன்மேல் ஜிஎஸ்டி ஏறத்தாழ 338. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் போனஸ் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். அவர் சற்று நேரம் பேசவில்லை.

கடைசியில் அவர் சிக்னேச்சரையே எடுத்தார், நானும் தடுக்கவில்லை. தொழில் காரணமாக ஆண்டுக்கு ஐந்தாறு முறை சொந்தக் காசில் ஏர் இந்தியாவில் டெல்லிக்குப் போய்வருபவர். 20,000 பாயிண்டும் முதல் இரண்டு பயணங்களிலேயே தீர்ந்துவிடும். கட்டணத்துக்கான அடுத்த பில் வருவதற்கு ஒரு மாதம் முன்பே பாயிண்டை மாற்றிவிட்டு, கார்டை ரத்துசெய்ய நினைவூட்டச் சொல்லி, அக்காவின் கைப்பேசியில் தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்.